ஏட்டய்யாவின் வாக்கியப் பயிற்சி

ஜெபசீலி சிவப்பு மைப் பேனாவை மூன்றாவது வாக்கியத்தின்மேல் வைத்தாள். வைத்த இடத்திலேயே பேனா நின்றுவிட்டது. மை கசிந்து தாளில் சிறு பொட்டாகப் பரவியது.

'கைவிடப்பட்ட' என்று பொருள்படும் ஓர் ஆங்கிலச் சொல்லைக் கொடுத்து, அதை வைத்து வாக்கியம் அமைத்து வரச் சொல்லியிருந்தாள். ஏட்டு திம்மராயன் தன் குண்டுக் கையெழுத்தில் ஆங்கிலத்தில் எழுதிக் கொண்டுவந்திருந்தது இதுதான்: 'நான் நம்மூர் ரயில் ஸ்டேஷனைப் போல் கைவிடப்பட்டவள். தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். ஆனாலும் யாரோ தினமும் வந்து கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கிறார்கள்.'

அவருடைய மற்ற ஒன்பது வாக்கியங்களும் நொண்டிக்கொண்டுதான் வந்தன. இது மட்டும் நிமிர்ந்து நடந்து வந்தது.

"என்னங்க டீச்சரம்மா, தப்புங்களா?" என்றார் திம்மராயன். நாற்பத்து நாலு வயது மனிதர், பெஞ்சில் பள்ளிக்கூடப் பிள்ளை போல முழங்காலைச் சேர்த்து வைத்து உட்கார்ந்திருந்தார்.

"இல்ல, நல்லா இருக்கு. நீங்களா எழுதுனதா?"

"நமக்கு ஏதுங்க அவ்வளவு? ஒரு பழைய பொஸ்தகத்துல பாத்து மனசுல வெச்சிருந்தேன்."

"என்ன புஸ்தகம்?"

"அட்டை கிழிஞ்சு போச்சுங்க. பேரு தெரியல."

அவள் தலையை ஆட்டினாள். அந்தப் புத்தகத்தின் பெயர் அவளுக்குத் தெரியும். அது புத்தகம் அல்ல. ஆறு வருஷத்துக்கு முன்னால், ஐம்பதாம் வருஷம் ஆடி மாதத்தில், இதே மேஜையில் உட்கார்ந்து அவள் எழுதிய நாலு பக்கக் கடிதம். 'கைவிடப்பட்டவள்' என்பதை அவர் ஆண்பாலாக மாற்றக்கூட இல்லை. ஆங்கிலத்தில் மாற்ற வேண்டிய தேவை இருக்கவில்லை.

ஓசூரில் திம்மராயனை அறியாதவர்கள் இல்லை. காக்கி போடாத ரகசியப் போலீஸ் அவர். சந்தையில், பஸ் நிற்கும் இடத்தில், கூட்டம் நடக்கும் மைதானத்தில் வெள்ளை வேட்டியும் கையில் குடையுமாக நிற்பார். அவர் வருவதைப் பார்த்ததும் டீக்கடைக்காரன், "சி.ஐ.டி. வந்துட்டாரு, பாத்துப் பேசுங்கப்பா," என்று கத்துவான். அவரும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்து, பார்த்துப் பேசியதை எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டு போவார். இப்போது எஸ்.ஐ. ஆக வேண்டும் என்று ஆசை. அதற்குப் புரட்டாசியில் சேலத்தில் ஆங்கிலப் பரீட்சை. நாற்பத்தைந்து தாண்டினால் எழுத விடமாட்டார்கள். ஆகவே மிஷன் பள்ளிக்கூடத்து ஆங்கில டீச்சரம்மாவிடம் வாரத்துக்கு மூன்று நாள், மாலை ஐந்து மணிக்கு வந்துகொண்டிருந்தார்.

பக்கத்து வீட்டுச் சென்னம்மாவுக்கு இது பெரிய வேடிக்கை. எருமைக்குத் தவிடு கரைத்துக்கொண்டே குரல் கொடுப்பாள். "டீச்சரம்மா! ரகசியப் போலீஸ் யாருக்கும் தெரியாம வந்திருக்காரு. மோர் குடுக்கட்டா?"

"குடு தாயி," என்பார் திம்மராயன்.

"குடிச்சிட்டு ரிப்போர்ட்டுல எழுதீராதீங்க, சென்னம்மா மோருல தண்ணி ஜாஸ்தின்னு."

அன்றைக்கும் சென்னம்மா மோர் கொண்டுவந்து வைத்தாள். திம்மராயன் குடித்தார். தொண்டை ஏறி இறங்குவதை ஜெபசீலி பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தக் கடிதம் இன்னாசிமுத்துவுக்கு எழுதியது. அவன் அவளுடைய பள்ளிக்கூடத்தில் ஒரு வருஷம் டிரில் மாஸ்டராக இருந்தான். பிறகு பெங்களூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்துப் போய், அங்கே தொழிலாளர் சங்கத்தில் சேர்ந்துகொண்டான். அவன் மாதா கோயில்காரன்; அவள் அப்பா சபையில் உபதேசியார். இரண்டு கோயிலுக்கும் நடுவில் ஒரு சந்துதான், ஆனால் அதைத் தாண்டிப் பெண் கொடுத்தவர்கள் யாரும் இல்லை. அப்பாவுக்குத் தமிழும் தெலுங்கும் வாசிக்க வரும், ஆங்கிலம் வராது. அதனால் இருவரும் ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டார்கள். கூச்சத்துக்கும் அது வசதியாக இருந்தது. தமிழில் சொல்ல வாய் வராத சொற்கள் ஆங்கிலத்தில் பேனாவில் வந்தன.

கடைசியாக அவன் கேட்டிருந்தான்: மாதா திருவிழாவுக்குள் பதில் சொல்லு. பதில் வராவிட்டால் அதையே உன் பதிலாக எடுத்துக்கொள்வேன், பிறகு உன்னைத் தொந்தரவு செய்யமாட்டேன். அவள் நாலு பக்கம் எழுதினாள். திருவிழா வந்தது, போனது. அவனிடமிருந்து ஒரு வரி இல்லை. நாலு பக்கத்தையும் படித்துவிட்டுச் சும்மா இருந்துவிட்டான் என்றே நினைத்தாள். அடுத்த வருஷம் அவனுக்குப் பெங்களூரில் கல்யாணம் ஆனது.

ஒருமுறை அவனைப் பார்த்தாள். கிருஷ்ணகிரி பஸ்ஸுக்கு நின்றிருந்தபோது எதிரே மனைவியோடும் கைக்குழந்தையோடும் இறங்கினான். அவளைக் கண்டதும் ஓரடி முன்னால் எடுத்து வைத்தான். ஏதோ கேட்க வந்தவன் போல இருந்தது முகம். அவள் அவசரமாக எந்தப் பஸ் என்றுகூடப் பார்க்காமல் ஏறி, பாகலூர் போய் இறங்கி, அங்கிருந்து திரும்பி வந்தாள். அன்று வழியெல்லாம் அவனைச் சபித்துக்கொண்டே வந்தது நினைவிருக்கிறது.

திம்மராயன் போன பிறகு அவள் விளக்கு ஏற்ற மறந்து உட்கார்ந்திருந்தாள். ஒரு வாக்கியத்தை வைத்து ஒரு மனிதனைக் குற்றவாளி ஆக்கக் கூடாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஒருவேளை அந்தக் கடிதம் போய்ச் சேர்ந்து, அங்கே யாரோ பார்த்து, யாரோ சொல்லி... இல்லை. நிச்சயமாகத் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்கு வழி அவள் கையிலேயே இருந்தது. அவர் ஊரை வேவு பார்க்கக் குடையோடு போவார். அவள் வீட்டுப்பாடம் கொடுத்தால் போதும்.

அடுத்த பாடத்துக்கு மூன்று சொற்கள் கொடுத்தாள். தயக்கம், வாசற்படி, சம்மதம். மூன்றும் அந்தக் கடிதத்தில் இருந்தவை. நடுநடுவே வேறு ஏழு சொற்களைக் கலந்து வைத்தாள்.

இரண்டு நாள் கழித்து நோட்டு வந்தது. வரிசையாகப் படித்தாள்.

'தயங்கித் தயங்கியே என் வயதில் பாதியைக் கழித்துவிட்டேன்.'

'உங்கள் வீட்டு வாசற்படியில் என் செருப்பைக் கழற்றப்போகும் நாளை நினைத்துப் பார்க்கிறேன்.'

'இந்த ஒரு முறை யாரையும் கேட்காமல் நானே என் சம்மதத்தைச் சொல்கிறேன்.'

"இந்தக் கடைசி ஒண்ணு," என்று திம்மராயன் விரலை வைத்துக் காட்டினார், "எனக்கு ரொம்பப் புடிச்சதுங்க. சின்ன வாக்கியம்தான், ஆனா எப்படி நிக்குது பாருங்க!"

"ஆமா," என்றாள் ஜெபசீலி. "நிக்குது." மூன்றுக்கும் சரி என்று குறி போட்டாள்.

அன்று இரவு அவள் சாப்பிடவில்லை. கோபம் வரும் என்று காத்திருந்தாள். முதலில் வந்தது கோபம் அல்ல, வெட்கம். ஆறு வருஷமாக ஒரு வெறுப்பை அவள் வீடு போலப் பராமரித்து வந்திருந்தாள். தினமும் கூட்டி மெழுகி, ஓட்டை விழுந்த இடத்தை அடைத்து, அதற்குள் இன்னாசிமுத்துவைக் குடிவைத்திருந்தாள். இப்போது குடியிருந்தவன் நிரபராதி என்று தெரிந்துவிட்டது. அவன் ஓரடி முன்னால் எடுத்து வைத்தது இதைக் கேட்கத்தான்: ஏன் நீ பதிலே எழுதவில்லை? அவனும் எங்கோ அவளுக்காக ஒரு வீடு கட்டி வைத்திருப்பான்.

வெட்கம் அடங்கிய இடத்தில் கோபம் வந்து உட்கார்ந்தது. காலியான வீட்டுக்கு ஆள் கிடைத்துவிட்டது. இனி மோர் குடிக்கும் அந்தத் தொண்டைக்காகக் கூட்டி மெழுக வேண்டும்.

மறுநாளே போய் முகத்துக்கு நேராகக் கேட்டிருக்கலாம். மேலதிகாரிக்கு எழுதியிருக்கலாம். பள்ளிக்கூடம் முடிந்து நடந்து வரும்போதெல்லாம் அவள் அதைப் பற்றித்தான் யோசித்தாள். தரையில் நிற்கிறவனைத் தள்ளினால் வேட்டியில் ஒட்டிய தூசைத் தட்டிக்கொண்டு எழுந்துவிடுவான். மாடிப்படி ஏற்றிவிட்டுத்தான் தள்ள வேண்டும்.

அதன்பிறகு திம்மராயனுக்கு அவள் சொல்லிக்கொடுத்தது போல யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. வாரத்துக்கு மூன்று நாளை ஆறு நாளாக்கினாள். அவருடைய பழைய ரிப்போர்ட் பாணியைப் பிரித்துப் பிரித்துக் காட்டினாள். அவர் எழுதுவதெல்லாம் ஒரே மாதிரி இருக்கும். கடைவீதியில் நின்றது கவனிக்கப்பட்டது. பேசியது கேட்கப்பட்டது. கூட்டம் கலைந்தது அறியப்பட்டது.

"யாரு கவனிச்சா?" என்று கேட்பாள்.

"நாந்தானுங்க."

"அப்ப அதை எழுதுங்க."

"எங்க வேலையில அப்படி எழுதக் கூடாதுங்க. நாம அங்க இருந்தோம்ங்கறதே இருக்கக் கூடாது."

"பரீட்சையில இருந்தாகணும், ஏட்டய்யா. செஞ்சவர் பேரு இல்லாம எழுதினா மார்க்கு போயிரும்."

அவர் பொறுமையாகத் திருத்தி எழுதினார். நல்ல மாணவர். அதுதான் அவளை எரித்தது. சொன்னதை மறக்கமாட்டார், கொடுத்ததை விடமாட்டார். 'கண்காணிப்பு', 'அந்தரங்கம்', 'ஆதாரம்', 'ஐயம்' என்று அவர் துறைக்கு வேண்டிய கனமான சொற்களை எல்லாம் அடுக்கிக் கொடுத்தாள். 'அந்தரங்கம்' என்பதற்கு அவர் எழுதிய வாக்கியம்: 'அரசாங்கத்தின் அந்தரங்கத்தைக் காப்பது காவலரின் கடமை.' அதற்கும் சரி போட்டாள்.

சென்னம்மா ஒருநாள் வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். "ஏனம்மா, அந்தாளுக்கு இத்தன கஷ்டப்பட்டுச் சொல்லிக் குடுக்கறியே! பாஸ் பண்ணி எஸ்.ஐ. ஆனா உனக்கு என்ன, குதிரை மேல ஏத்தி ஊர்வலமா கூட்டிட்டுப் போவானா?"

"பாஸ் பண்ணணும், சென்னம்மா."

"பிடம்மா, விடு! உன் மூஞ்சியே சரியில்ல. யாரையோ புதைக்கப் போற மாதிரி இருக்குது," என்று சொல்லிவிட்டு எருமையின் பக்கம் திரும்பினாள்.

பரீட்சைக்கு இரண்டு நாள் இருந்தது. சனிக்கிழமை மதியம் திம்மராயன் கடைசிப் பாடத்துக்கு வந்தார். பழுப்புக் காகித அட்டை போட்ட இலக்கணப் புத்தகம், நோட்டு, புதிதாக மை நிரப்பிய பேனா. வரும்போதே வெற்றிலையும் பழமும் கொண்டுவந்து மேஜையில் வைத்தார்.

"மேலதிகாரிக்கு விளக்கம் எழுதச் சொல்லி ஒரு கேள்வி நிச்சயம் வரும்," என்றாள் ஜெபசீலி. "நான் சொல்லச் சொல்ல எழுதுங்க. தனித் தாள்ல. பெறுநர், அனுப்புநர், உங்க நம்பர், ஊரு, இன்னிக்கித் தேதி."

எழுதினார். எழுத்து அழகாகத் திருந்தியிருந்தது.

அவள் எழுந்து ஜன்னல் ஓரம் போய் நின்றுகொண்டு, பாடம் சொல்லும் அதே குரலில், ஆங்கிலத்தில் சொன்னாள்: "'அன்புள்ள முத்து, உங்கள் கடிதம் வந்த நேரம் இங்கே நல்ல மழை. ஊரே ஒதுங்கி நின்றது.'"

திம்மராயனின் உதடு தானாக அசைந்தது. அடுத்த வாக்கியம் அவர் வாயிலிருந்தே வந்தது. "'நான் மட்டும் நனைந்துகொண்டே படித்தேன்...'"

பிறகுதான் அவருக்குப் புரிந்தது. வாய் திறந்தபடியே நின்றது. பேனா மேஜையில் உருண்டு ஓடிக் கீழே விழுந்தது. வெளியே எருமை கத்தியது.

"எங்க இருக்கு அது?" என்றாள்.

திம்மராயனின் கை, அவரைக் கேட்காமலேயே, இலக்கணப் புத்தகத்தின் மேல் போய் மூடிக்கொண்டது. அவள் அந்தக் கையை விலக்கினாள். பழுப்பு அட்டைக்கும் புத்தகத்துக்கும் நடுவில் நாலு தாள்கள் மடித்து வைக்கப்பட்டிருந்தன. மடிப்புகள் நைந்து, துணி போல ஆகியிருந்தன.

பிரித்தாள். அவளுடைய கையெழுத்துதான், இருபத்தைந்து வயதுக் கையெழுத்து. கடினமான ஒவ்வொரு சொல்லுக்கும் மேலே பென்சிலில் பொடிப்பொடியாகப் பொருள் எழுதியிருந்தது. 'ஏக்கம்' என்ற சொல்லின் மேல் 'ஒன்றை விரும்புதல்'. 'உயிரே' என்று அவள் அழைத்திருந்த இடத்தின் மேல் 'மரியாதை விளி'. அவள் தன் சம்மதத்தைச் சொன்ன வாக்கியத்தின் ஓரத்தில் ஒரு கோடு இழுத்து, 'நல்ல வாக்கியம். மனப்பாடம் செய்க.'

அவள் பிள்ளைகளின் நோட்டில் குறி போடுவது போலவே இருந்தது.

"எதுக்கு என்னைப் பாத்தீங்க?" என்றாள். "நான் என்ன செஞ்சேன்?"

"உங்க மேல ஒண்ணும் இல்லீங்க, டீச்சரம்மா," என்றார் திம்மராயன். "அப்ப மேலிடத்துல இருந்து உத்தரவு. சங்கத்து ஆளுங்களுக்கு வர்ற போற கடுதாசியப் பிரிச்சுப் பாக்கணும்னு. மாசாமாசம் பேரு குடுக்கணும். 'ஒருத்தரும் இல்ல'ன்னு மூணு மாசம் எழுதுனா காட்டு ஸ்டேஷனுக்கு மாத்திருவாங்க. பெங்களூருக்கு இங்கிலீசுல எழுதறது இந்த ஊருல நீங்க ஒருத்தர்தான்."

"பிரிச்சீங்க. படிச்சீங்க. மறுபடி ஒட்டிப் பையில போட்டிருக்கலாமே?"

"போட்டேனுங்க. மத்த எல்லாத்தையும் அன்னன்னிக்கே போட்டேன். இது நாலு பக்கம். அகராதிய வெச்சுப் படிச்சு முடிக்கறதுக்குள்ள தபால் பஸ்ஸு போயிருச்சு. அடுத்த நாள் போட்டா முத்திரைத் தேதி காட்டிக் குடுத்துரும். பயந்துட்டேன்."

"கிழிச்சுப் போட்டிருக்கலாம்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "மனசு வரலீங்க. எழுதுன உங்களுக்கே இத்தன வருஷத்துல மறந்திருக்கும்னு நெனச்சு வாக்கியத்துக்கு எடுத்துக்கிட்டேன். அவ்வளவு நல்ல இங்கிலீசு."

ஜெபசீலி சிரித்தாள். சிரிப்பு அவளுக்கே பயமாக இருந்தது.

"அதுல என்ன எழுதியிருந்துச்சுன்னு தெரியுமா உங்களுக்கு? ஒருத்தர் பதிலுக்குக் காத்திருந்தாரு. தெரியுமா?"

"அர்த்தம் பாக்கறதுலயே கவனம் போயிருச்சுங்க," என்றார் திம்மராயன். பொய் சொல்லவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. அதுதான் மன்னிக்க முடியாததாக இருந்தது.

அவள் பேனாவைக் குனிந்து எடுத்து அவர் முன் வைத்தாள். "எழுதுங்க."

"டீச்சரம்மா, மூத்தவளுக்குத் தை மாசம் கல்யாணம்..."

"எழுதுங்க, ஏட்டய்யா. தலைப்பெல்லாம் போட்டாச்சு. விஷயம் மட்டும்தான் பாக்கி."

அவர் எழுதினார். 'ஐம்பதாம் ஆண்டு ஜூலை மாதம் கடிதம் ஒன்று எடுத்து வைக்கப்பட்டது.'

அவள் தோளுக்கு மேலாகக் குனிந்து பார்த்தாள். "யாரு எடுத்து வெச்சா?"

திம்மராயன் நிமிர்ந்து பார்த்தார். கண் கலங்கியிருந்தது. வாக்கியத்தை அடித்துவிட்டுத் திருத்தினார். 'நான் கடிதம் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டேன்.' ஒவ்வொரு வரிக்கும் அவள் நின்று, அவர் எழுதி முடிக்கும்வரை காத்திருந்து, அடுத்ததைச் சொன்னாள். உரிய இடத்தில் சேர்க்கவில்லை. அதிகாரியிடம் சொல்லவில்லை. ஆறு வருஷம் என் சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்தேன். கையொப்பம், எண், தேதி. ஒரு பிழை இல்லை.

"இதை அனுப்பீருவீங்களா?" என்றார்.

அவள் தாளைக் கடிதத்தோடு சேர்த்து மடித்தாள். "நீங்க என் கடுதாசிய மாசக்கணக்காப் பிரிச்சப்ப எனக்குத் தெரியாது. இதை எப்ப அனுப்புவேன்னு உங்களுக்குத் தெரியப்போறதில்ல. நாளைக்கே இருக்கலாம். நீங்க பென்ஷன் வாங்கற வருஷமா இருக்கலாம். இங்க போடுவேனோ, கிருஷ்ணகிரியில போடுவேனோ, அதுவும் தெரியாது. தபால் வர்ற வேளைக்கெல்லாம் பாத்துட்டு இருங்க. அதுல உங்களுக்குப் பழக்கம் இருக்கு."

திம்மராயன் எழுந்தார். வாசல்வரை போய்விட்டுத் திரும்பி நின்றார். "அப்ப பரீட்சை..."

"எழுதுங்க. நல்லா எழுதுங்க. நான் சொல்லிக்குடுத்த பேரைக் கெடுத்துராதீங்க."

அவர் தேறினார். மாவட்டத்தில் இரண்டாவது. தை பிறந்ததும் அதே ஊரில் எஸ்.ஐ. ஆனார். ரகசியப் பிரிவுதான் என்றாலும் தோளில் நட்சத்திரம் வைத்த சட்டையோடு ஒருமுறை கடைவீதியில் நடந்தார். மகள் கல்யாணம் விமரிசையாக நடந்தது. சென்னம்மா சாப்பிட்டுவிட்டு வந்து சொன்னாள்: "விருந்து நல்லா இருந்துச்சு. ஆனா அந்தாளு சிரிக்கவே இல்லம்மா. தாலி கட்டற நேரத்துல தபால்காரன் மொய் வைக்க வந்தான், பாரு, பேயடிச்ச மாதிரி எந்திரிச்சு நின்னுட்டாரு."

ஒவ்வொரு திங்கட்கிழமையும் பள்ளிக்கூடம் போகும் வழியில் ஜெபசீலி தபாலாபீஸ் பெட்டியில் ஒரு பழுப்பு உறை போட்டாள். சேலத்துக்கு, சென்னைக்கு. உள்ளே புத்தகக் கம்பெனிக்கு ஒரு விசாரிப்பு, அல்லது சாக்பீஸ் வேண்டும் என்று ஒரு வரி. எதிர் டீக்கடையில் திம்மராயன் உட்கார்ந்திருப்பார். முடி வேகமாக நரைத்துக்கொண்டு வந்தது. அவள் உறையைப் பெட்டியின் வாயில் ஒரு நிமிஷம் பிடித்துக்கொண்டு நிற்பாள். பிறகு விடுவாள். உறை அடியில் விழும் சத்தம் தெருவைத் தாண்டி அவருக்குக் கேட்குமா என்று யோசிப்பாள். கேட்கும் என்று தோன்றியது.

பங்குனியில் புத்தகக் கம்பெனி பதில் எழுதியிருந்தது. உங்கள் கடிதம் பிரித்து ஒட்டிய நிலையில் எங்களுக்கு வந்தது, உறைக்கு இன்னும் நல்ல பசை உபயோகிக்கவும். ஜெபசீலி அதை இரண்டு தடவை படித்தாள். அவர் மறுபடி பிரிக்க ஆரம்பித்திருந்தார். இந்த முறை மேலிடத்து உத்தரவு இல்லை. பயத்தின் உத்தரவு.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாலை அவள் மேஜையில் உட்கார்ந்து வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்து, 'அன்புள்ள முத்து' என்று எழுதினாள். இத்தனை மாதமாக எழுத நினைத்த ஒரே கடிதம். நான் சம்மதம் என்றுதான் எழுதினேன். அது வந்து சேரவில்லை. இவ்வளவு போதும், இரண்டு வரி. வேறு எதுவும் வேண்டாம்.

பேனா அங்கேயே நின்றது. இந்த ஊரிலிருந்து அவள் போடும் எந்தக் கடிதத்தையும் இனி அந்த மனிதர்தான் முதலில் படிப்பார். அகராதியை வைத்துக்கொள்ளாமலே படிப்பார். அவளே அவரை அங்கே உட்கார வைத்திருந்தாள். பஸ் ஏறினால் பெங்களூர். அங்கே போய்ப் போடலாம். ஆனால் அந்த உறையை அங்கே முதலில் பிரிப்பது யார்? கைக்குழந்தையோடு பஸ்ஸிலிருந்து இறங்கிய அந்தப் பெண் அவளுக்கு எந்தத் தீங்கும் செய்யவில்லை.

வேறு ஒன்றும் இருந்தது. அதை ஒப்புக்கொள்ள அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. நாளை திங்கட்கிழமை. எதிர் டீக்கடையில் அவர் இருப்பார். இன்னாசிமுத்துவை நினைத்தபோது மனதில் ஒரு பழைய வலி மட்டும்தான் எழுந்தது. திம்மராயனை நினைத்தபோது பசி எடுத்தது.

'அன்புள்ள முத்து' என்ற தாளைக் கிழித்து அடுப்பில் போட்டாள். பிறகு அலமாரியிலிருந்து ஒரு பழுப்பு உறையை எடுத்து, மாவட்ட மேலதிகாரியின் விலாசத்தை முதல் தடவையாக, நிதானமாக, நல்ல கையெழுத்தில் எழுதினாள். உள்ளே வைக்க ஒரு வெற்றுத் தாளை மடித்தாள். ஓரத்தை நாக்கில் ஈரப்படுத்தி, பிரிக்கிறவருக்குச் சிரமம் இல்லாதபடி, லேசாக ஒட்டினாள்.